பதினோராவது குளம்

1

மத்தியானம் இரண்டு மணி பதினேழு நிமிடம். தென்காசியில் என் அண்ணன் வீட்டு அடுக்களையில் மதினி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் ஏழாவது முறையாக மகளை அழைத்தேன். ஆறு முறை அடித்து ஓய்ந்த போனை இந்த முறை யாரோ எடுத்தார்கள். ஆண் குரல். பின்னால் ஒரே காற்று இரைச்சல்.

"யாரும்மா பேசுதது?"

"நீங்க யாரு? இது என் மக போனு."

"உங்க மக போனா?" பக்கத்தில் யாரிடமோ, "ஏலே, தாயாருதான் பேசுதாக, சும்மா கெட" என்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "எம்மா, என் பேரு சொள்ளமுத்து. இந்தக் கொளத்துக்கு நீர்பாய்ச்சி, மடையத் தொறந்து அடைக்குதவன். கரையில ஒரு பைக்கு நிக்குது. சாவி அதுலயே கெடக்கு. ஹெல்மெட்டு கண்ணாடில தொங்குது. ஒரு சோடி பூட்ஸ சேத்து வச்சிருக்கு. போனு அந்தப் பூட்ஸுக்குள்ள கெடந்துதான் அடிச்சுது."

"அவ எங்க?"

"அதாம்மா. ஆளு இல்ல."

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும், நம்மூர்க்காரர்களுக்கு வேண்டாம். குளிக்கப் போகிறவன் செருப்பை உதறிவிட்டுப் போவான். ஒன்று இங்கே கிடக்கும், ஒன்று அங்கே கிடக்கும். குளத்துக் கரையில் சேர்த்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் வேறு.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மதினி அடுப்பை அணைத்தாள். நான் எதுவும் சொல்லாமலேயே அணைத்தாள்.

2

ஃபின்லாந்துக்கு நான் வந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது நாங்கள் வசிக்கும் ஊர். எங்கே போவதென்றாலும் ஏதாவது ஓர் ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். என் வேலையும் ஏரித் தண்ணீரோடுதான். குற்றாலத்துக் கல்லூரியில் படித்த வேதியியல் நகராட்சியின் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் சோறு போடுகிறது. காலை ஏழரைக்குக் குப்பிகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு ஏரி. குப்பிக்கு வெளியே இருக்கும் ஏரியை நான் என்றைக்கும் நம்பியதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

மகள் அப்படியில்லை. அங்கேயே பிறந்தவள். ஆறு வயதில் நீந்தினாள். பன்னிரண்டு வயதில், உடைந்த பனிக்கட்டிக்குள் விழுந்தால் எப்படி மேலே ஏறிவருவது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை வீட்டுக் கம்பளத்தில் படுத்து எனக்குச் செய்து காட்டினாள். பதினெட்டு வயதில், கோடைவேலைச் சம்பளத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினாள். அந்த ஊரில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பைக்கை மூடிப் போட்டுவிடுவார்கள். அந்த மாதங்களில்தான் நானும் ஒழுங்காகத் தூங்குவேன்.

அவள் பெயர் இசக்கி. எங்கள் குலதெய்வத்தின் பெயர். பெயரைப் பதிவு செய்யப் போன அலுவலகத்தில் இருந்த அம்மாள் படிவத்தைப் பார்த்துவிட்டு, "பெண் குழந்தை என்று போட்டிருக்கிறீர்களே?" என்று கேட்டாள். அந்த நாட்டில் ஏறக்குறைய அதே ஒலியில் ஓர் ஆண் பெயர் உண்டாம். வயதான விவசாயிகளின் பெயர். மூன்று கடிதம் போயிற்று, மூன்று கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தில் நான் இசக்கியம்மன் யார், ஏன் ஊர் எல்லையில் கையில் குழந்தையோடு நிற்கிறாள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். சான்றிதழ் வந்தது. 'கதைக்கு நன்றி' என்று ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது.

அவள் தமிழ் நான் கொண்டுபோன தமிழ். புதிதாக ஒரு சொல்லும் சேரவில்லை. அதிலும் ஒரு தகராறு: அந்த ஊர் மொழியில் பேச்சுவழக்கில் மனிதர்களையும் 'அது' என்றே சொல்வார்கள். இவளும் அப்படியே, "மாமா எங்க போச்சு? அது சாப்பிட்டுச்சா?" என்பாள். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டான என் அண்ணனை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதல் நாள் முறைத்தார். மூன்றாம் நாள் அவரே போனில், "ஆமா, அது இப்பத்தான் சாப்பிட்டுச்சு" என்று சிரித்தார்.

இந்தப் பயணம் எங்கள் சமையலறை மேசையில் தொடங்கியது. பிப்ரவரியில் ஒரு நாள், வானத்திலிருந்து எடுத்த தென்காசிப் படத்தைக் கணினியில் விரித்து வைத்துக்கொண்டு, "அம்மா, நீ ஏன் சொல்லவே இல்ல? உன் ஊரும் ஏரி ஊருதான்" என்றாள். பார்த்தேன். மேற்கே மலை. அதிலிருந்து கிழக்கே வர வர, சின்னதும் பெரியதுமாக நீலம், சாம்பல், பச்சை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருந்தது. நேரான பக்கம் கரை. நான் அருவியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், சாரலைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். குளத்தைப் பற்றி யார் சொல்வார்கள்? அது பேருந்து சன்னலுக்கு வெளியே போகிற சமாச்சாரம்.

அவள் பதினேழு குளத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு காகிதத்தில் எண் போட்டு, கோடு இழுத்தாள். விடியலில் தொடங்கிச் சாயங்காலம் முடிகிற மாதிரி ஒருநாள் பயணம். அண்ணனின் பைக். பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தை அண்ணன் கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார். "உரிமம் சரியாத்தான் இருக்கு. பதினேழு கொளத்தப் பாத்து என்னட்டி செய்யப் போற? ஒண்ணப் பாத்தா பதினேழயும் பாத்த மாதிரிதான."

"அங்கயும் அப்படித்தான் சொல்லுவாங்க மாமா. ஆனா அது உண்மை இல்ல" என்றாள் இசக்கி.

போவதற்கு முந்தின நாள் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு, ஈரத்தலையோடு ஒரு கடையில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றோம். அப்போதுதான் சொன்னாள், செப்டம்பரில் ஃபின்லாந்தின் வடகோடியில் ஒரு ஊரில் வேலைக்குச் சேரப் போவதாக. எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய இடம். அதைச் சொல்ல அவள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எனக்குப் புரிந்தது. அருவிச் சத்தத்தில் நான் கத்தினால் யாருக்கும் கேட்காது. நான் கத்தவில்லை. "அப்ப இங்க மட்டும் எதுக்கு வந்த? அங்கனயே கெடந்திருக்க வேண்டியதுதான?" என்றேன். அவள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். நான் வாசலுக்குப் போகவில்லை. அடுக்களையிலிருந்தே சொன்னேன். மணிக்கு ஒரு தகவல் அனுப்பு. வெட்டிவைத்த பழத்தைத் தின்னாதே. கரையில் சாமி பீடம் இருக்கும், கண்டால் பூட்ஸைக் கழற்று. "சரிம்மா" என்றாள். வண்டிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மணிக்கு ஒரு படம் ஒழுங்காக வந்தது. ஏழு மணிக்குக் குண்டாறு அணை, தண்ணீருக்குள் மலை தலைகீழாக. எட்டுக்கு மேக்கரைப் பக்கம், மேகம் தென்னைமரத் தலைவரைக்கும் இறங்கியிருந்தது. ஒன்பதுக்கு இலஞ்சிக் குளத்துக் கரை, ஆளே இல்லை, நான்கு எருமைகளின் கொம்பு மட்டும் தண்ணீருக்கு மேலே. அப்புறம் ஆய்க்குடிப் பக்கம் நாரைகள். பன்னிரண்டு மணிக்குச் சூரியகாந்தித் தோட்டமும் பின்னால் ஒரு குளமும். 'பத்து முடிஞ்சது. காத்து என்னத் தள்ளுது. பசிக்குது.'

ஒரு மணிக்கு ஒன்றும் வரவில்லை.

3

கீழப்பாவூரைத் தாண்டி, தெற்கே பிரிகிற ஒரு சாலையில் இருந்தது அந்தக் குளம். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. அன்றைக்கு அவர்கள் எனக்காகப் பட்ட பாட்டுக்கு, கேலிக்கு ஆளாக்குவது நியாயமில்லை.

அண்ணன் கார் ஓட்டினார். பாவூர்சத்திரம் ரயில்வே கேட்டில் நின்றபோது போனை எடுத்து யாருக்கோ பேசினார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. தணிந்த, உணர்ச்சியில்லாத, வேலைக்குரல். "பொம்பளப் புள்ள. வயசு இருபத்தொண்ணு. ஆமா, என் தங்கச்சி மக. பேரு இசக்கி. இல்லப்பா, வெளிநாட்டுப் புள்ளதான், பேரு இசக்கி. பயர் சர்வீசுக்கும் சொல்லிரு. பெரிய கொளம்னு சொல்லு."

எனக்கு வயதைச் சொன்ன விதம்தான் தாங்கவில்லை. செய்தித்தாளில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடுவார்களே, அந்த மாதிரி சொன்னார்.

"அவளுக்கு நீச்சல் தெரியும்ணே" என்றேன். "நல்லாவே தெரியும். சின்ன வயசுலயே சான்றிதழ் வாங்கியிருக்கா."

அண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் தூக்குனது பூரா நீச்சல் தெரிஞ்சவங்கதான் ஏட்டி. தெரியாதவன் எதுக்கு எறங்குதான்?" சொன்ன பிறகு தன் வாயைத் தானே அடித்துக்கொள்கிற மாதிரி கையை உயர்த்தி, அப்படியே இறக்கி, தண்ணீர் பாட்டிலை எடுத்து என் மடியில் போட்டார். "குடி. கொளத்துல இப்ப இடுப்பளவுதான் தண்ணி கெடக்கும்."

ஃபின்லாந்தில் எங்கள் ஊர் ஏரிகளில் ஒவ்வொரு துறையிலும் ஒரு கம்பம் இருக்கும். அதில் ஆரஞ்சு நிற மிதவை வளையம் மாட்டியிருக்கும். அதை யாரும் எடுத்துப்போவதில்லை. துணி, போன், சாவி எல்லாவற்றையும் மரத்துறையில் வைத்துவிட்டு நீந்தப் போவார்கள், அதையும் யாரும் தொடுவதில்லை. இசக்கி அப்படி வளர்ந்தவள். போனைப் பூட்ஸுக்குள் வைத்தது அந்தப் பழக்கம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம், கடிதம் எதுவும் இருக்குமோ என்று தோன்றியது. ஐந்தருவியில் நான் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கனயே கெடந்திருக்க வேண்டியதுதான.

கணவரை அழைக்கவில்லை. அங்கே மதியத்துக்கு முன் அவர் அலுவலக உணவுக்கூடத்தில் வரிசையில் நிற்கிற நேரம். அவர் கையில் தட்டு இருக்கும் என்று நினைத்தேன். அதைக் கீழே வைக்கட்டும் என்று நினைத்தேன். என்ன காரணம் அது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

4

கரையில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். தண்ணீருக்குள் இரண்டு பேர் நீளக் கம்பால் குத்திக் குத்தி நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை கம்பு எதிலாவது தட்டி நின்றபோதும் கரையில் பேச்சு நின்றது. கருவேலங்கட்டை என்று அவர்கள் கையை ஆட்டியதும் பேச்சு தொடங்கியது.

குளம் அழகாக இருந்தது. அதையும் சொல்லவேண்டும். மேற்கே மலை முழுவதும் தெரிந்தது. அதன்மேல் மழை, இங்கே வெயில். காற்று தண்ணீரைச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்து எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. இதைப் பார்க்கத்தான் வந்தாள் என்று நினைத்ததும் சரிவில் இறங்கப் போனேன். ஒரு அம்மாள் என்னைப் பிடித்து உட்காரவைத்து, சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள்.

"வீட்டுல ஏதும் சண்ட சத்தமாம்மா?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சுற்றி நின்றவர்களின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. அதுவரை விபத்தாக இருந்தது, என் ஒரு சொல்லில் வேறொன்றாக ஆகிவிட்டது.

உட்கார்ந்த இடத்திலிருந்துதான் பூட்ஸைப் பார்த்தேன். காலுறையைச் சுருட்டி ஒன்றுக்குள் செருகியிருந்தாள். அதற்குப் பத்தடி தள்ளி, கரை ஓரத்தில், வெள்ளையடித்த பீடம் ஒன்று இடுப்புயரத்துக்கு நின்றது. மாடசாமி. நெற்றியில் திருநீறு காற்றில் பாதி போயிருந்தது.

"இத யாரும் நகத்துனீங்களா?" என்று கேட்டேன்.

தோளில் துண்டும் கையில் மண்வெட்டியுமாக நின்ற ஆள் முன்னால் வந்தார். போனில் பேசிய அதே குரல். "இல்லம்மா. போலீசு பாக்கட்டும்னு போன மட்டும் எடுத்துட்டு அப்படியே வச்சிருக்கோம்."

"அண்ணாச்சி, நீங்க இந்த மாடனுக்குச் செருப்பக் கழட்டுவீங்களா?"

சொள்ளமுத்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கண்ணால், பதில் சொல்லுங்கள் என்றார். "கொடத் திருவிழாவுக்குக் கழட்டுவோம். மத்த நாளு மண்வெட்டியோட மடைக்கு ஓடுதவன் எங்கம்மா நின்னு கழட்டப் போறான்? மாடன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"எம் மக கழட்டுவா. நான் சொல்லி விட்டிருக்கேன்."

"சரி, கழட்டிக் கும்பிட்டா. பொறவு போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான?"

"எங்க போட்டுக்கிடணும்னு நான் சொல்லல."

அவருக்குப் புரியவில்லை. எனக்கே அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது. கோயிலென்றால் வாசல் உண்டு. ஃபின்லாந்து வீடுகளிலும் வாசலில் கழற்றி வாசலில் போட்டுக்கொள்வார்கள். இந்தப் பீடத்துக்குச் சுவர் இல்லை, படி இல்லை, கதவு இல்லை. வானத்துக்குக் கீழே ஒரு சாமி. அது எதுவரைக்கும் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

"இந்தக் கரையில சாமி எங்க முடியுது அண்ணாச்சி?"

"முடியுததா?" அவர் கிழக்கே கையை நீட்டினார். "அந்தக் கடைசில மறுகால் பக்கத்துல பேச்சியம்ம இருக்கா. அதுவரைக்கும் மாடன் காவல்தான். ஒண்ணரை மைலு வரும்."

"அவ அங்கதான் நடந்து போயிருக்கா."

அண்ணன் என் தோளைப் பிடித்தார். "ஏட்டி, நீ செத்த உக்காரு" என்றார். அவர் பார்த்த எத்தனையோ தாய்மார்கள் கரையில் உட்கார்ந்து இப்படி ஏதாவது ஒரு கணக்குச் சொல்லியிருப்பார்கள். அது அவர் கையிலேயே தெரிந்தது. நான் அந்தக் கையை உதறினேன்.

சொள்ளமுத்து மண்வெட்டியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, கரையில் சாய்த்துவைத்திருந்த தன் மொபெட்டை எடுத்தார். "ஏறுங்கம்மா. பாத்துட்டு வந்திருவோம். பாக்காம இருந்தா அது வேற மனசுல கெடக்கும்."

5

மறுகால் என்பது குளம் நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகிற கல்வரிசை. அதற்குக் கீழே பனைமரங்கள். பனைமரங்களுக்குப் பின்னால், கரையிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளத்தில், வயல். பத்துப் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் ஒரே சீராகப் பின்னால் நகர்ந்தார்கள். ஒன்பதாவது ஆளின் நாற்று மட்டும் கோணலாக இருந்தது. கறுப்பு மோட்டார் சைக்கிள் கால்சட்டை, முழங்கால்வரை சுருட்டியிருந்தது. பத்தாவது பெண் அந்தக் கோணலை அவசரமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கூப்பிட்டது சொள்ளமுத்துதான். "ஏ முப்பிடாதி. அந்தப் புள்ள யாரு?"

முன்னால் நின்ற பெண் நிமிர்ந்தாள். அவள்தான் நடவுக்காரர்களுக்குத் தலைவி. "எங்க புதுக் கையாளு. என்ன அண்ணாச்சி, கரையில கூட்டமாத் தெரியுது? மாடனுக்கு யாரும் கெடா வெட்டுதாகளா? எங்களுக்குச் சொல்லவே இல்லய."

நான் சரிவில் இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிடச் சறுக்கினேன். வயலுக்குள் கணுக்கால் மூழ்கியது. "யாரும்மா அது, நாத்த மிதிச்சுக்கிட்டு வருதது?" என்று முப்பிடாதி சத்தம் போட்டாள். அறைய வேண்டும் என்றுதான் போனேன். உண்மையாகவே கையை ஓங்கினேன். கை அவள் தோளில் போய் விழுந்து, அங்கேயே பிடித்துக்கொண்டது. அதை எடுக்க முடியவில்லை.

"அம்மா. நீ எப்படி இங்கன வந்த? மணி என்ன? ஏன் அழுத?"

"பூட்ஸ எதுக்குட்டி அங்கன வச்ச?"

"நீதான சொன்ன. சாமி இருந்துச்சு, கழட்டினேன். அப்புறம் எங்க முடியுதுன்னு தெரியல, போர்டு இல்ல. அதனால முழுசும் நடந்தேன். கல்லு குத்துச்சு. இங்க வந்தா இந்த அத்தை கூப்பிட்டுச்சு. அது சோறு தந்துச்சு, கருவாடு தந்துச்சு. தின்னுட்டுச் சும்மா பாத்துட்டு நிக்க வெக்கமா இருந்துச்சு." சேற்றுக் கையைப் பார்த்தாள். "ஒரு வரிசை மட்டும்னு நெனச்சேன்."

"எங்கள 'அது'ங்கா, மாட்டச் சொல்லுத மாதிரி" என்றாள் முப்பிடாதி. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "மத்தபடி நல்ல புள்ள. நாத்த மட்டும் மரம் நடுத மாதிரி ஆழமா ஊணுதா. அவ நட்டத பூரா நாங்க பிடுங்கி நட வேண்டியிருக்கு. போதும்ட்டின்னா கேக்க மாட்டேங்கா."

சொள்ளமுத்து என்ன நடந்தது என்று சொன்னார். சிரிப்பு நின்றது. முப்பிடாதி தலைத்துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். "தொடைங்கம்மா. ஒரு சத்தம் குடுத்திருப்போம். எங்களுக்குத் தெரியாம போச்சு." இசக்கியின் முகம் வெளுத்துவிட்டது. கரைமேல் தெரிந்த கூட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃபின்லாந்து மொழியில் என்னவோ சொன்னாள். மன்னிப்பு என்றுதான் பொருள். தமிழில் அதை அவளுக்கு நான் கற்றுக்கொடுக்கவே இல்லை.

அதற்குள் அண்ணன் காரோடு வந்துவிட்டார். இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பனைமரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது மீசை நனைந்திருந்தது. "ஏட்டி இசக்கி, லைசென்ச எடு" என்றார்.

"காலையிலதான் பாத்தீங்க மாமா."

"திரும்பப் பாக்கணும்."

பீடத்துக்குத் திரும்பி வந்தோம். தண்ணீரில் இறங்கியிருந்த இரண்டு பேரும் கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். இசக்கி ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கைகூப்பினாள். "பரவால்ல புள்ள, கொளத்த ஒருக்கா அளந்த மாதிரி ஆச்சு" என்றான் ஒருவன். என் முதுகைத் தடவிய அம்மாள் அவளுக்குத் திருநீறு பூசி, தலையில் ஒரு குட்டும் வைத்தாள்.

சாவி அண்ணன் பையில் இருந்தது. "பைக்க நான் ஓட்டியாறேன். நீ காருல அம்மாகூட ஏறு" என்றார்.

"இன்னும் ஆறு இருக்கு மாமா."

"ஆறா? ஒனக்கு வெக்கமா இல்லயா?"

இசக்கி அவரோடு வாதாடவில்லை. என்னிடம் வந்தாள். "நேத்து கேட்டல்ல, எதுக்கு வந்தேன்னு. இதுக்குத்தான் வந்தேன். இத எல்லாம் பாத்துட்டா, அங்க வடக்க இருக்கும்போது உன் ஊரு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியும். நீ சொல்ல வேண்டாம்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அந்த நேரத்தில் எல்லா உரிமையும் இருந்தது. அண்ணன் அதைத்தான் எதிர்பார்த்தார். காரில் ஏற்றி, வீட்டுக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்தி வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாளைக்கு? எங்கள் விமானம் அடுத்த வியாழக்கிழமை. அவள் ரயில் செப்டம்பரில்.

"அண்ணே, ஹெல்மெட்டு இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டேன்.

அண்ணன் என்னையும் அவளையும் பார்த்தார். "ரெண்டுக்கும் கிறுக்குதான்" என்று சொல்லிவிட்டு, கார் பின்பக்கத்தைத் திறந்தார்.

6

இதை நான் ஆகஸ்ட் முடிவில் எழுதுகிறேன். காலையில் குப்பிகள் வருகின்றன. ஊரில் இரண்டேகால் ஆகும்போது இங்கே பதினொன்றே முக்கால். அந்த நேரத்தில் யார் போன் அடித்தாலும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். போன வாரம் ஒரு குப்பி உடைந்தது. கூட வேலை செய்கிற பெண் ஒன்றும் கேட்காமல் துடைப்பத்தோடு வந்தாள். இசக்கியின் அறையில் பெட்டிகள் அடுக்கியாகிவிட்டது. அந்தப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை.

ஆனால் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஒரு குளத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்தபோது குளம் ஓடிப்போகும். இதில் அது நம்மோடு திரும்புகிறது. சாலை கரையை ஒட்டி வளைய, தண்ணீரும் வளைந்துகொண்டு, மலையைத் தன்மேல் இழுத்துக்கொண்டு கூடவே வந்தது. புளியமரங்களின் நிழலுக்குள் போனால் குளிர், வெளியே வந்தால் வெயில், நடுவில் எங்கிருந்தோ சாரல் பத்துப் பதினைந்து துளி. காற்று பக்கவாட்டில் அடித்தபோதெல்லாம் இசக்கி வண்டியை அதன்மேல் கொஞ்சம் சாய்த்தாள். முதல் மூன்று முறை நான் கண்ணை மூடினேன். நான்காவது முறை அவளோடு சேர்ந்து சாய்ந்தேன். "அப்படித்தாம்மா" என்றாள் முன்னாலிருந்து.

பன்னிரண்டாவது குளத்தில் தாமரை. கரையில் நின்று பார்த்தோம். தன் காகிதத்தில் அதற்கு நேரே ஒரு கோடு போட்டாள். போட்டுவிட்டு பேனாவை என்னிடம் கொடுத்தாள், அடுத்ததற்கு நான் போடவேண்டுமாம்.

பதின்மூன்றாவதுக்குப் போகிற வழியில், ஒரு குறுகலான சாலையில், எதிரே சிவப்பு வண்டி வந்தது. நீள ஏணி, மேலே கயிற்றுச் சுருள். எங்களுக்கு வழிவிடாமல் நடுச்சாலையில் நின்றது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அத்தனை பேரும் அத்தனை பேருக்கும் நல்ல செய்தி சொன்னோம், இவர்களைத் திரும்பிப் போகச் சொல்ல மட்டும் எல்லோரும் மறந்துவிட்டோம்.

முன்னிருக்கையிலிருந்து வயதான ஒருவர் தலையை நீட்டினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எம்மா, இந்தப் பக்கம் பெரிய கொளம் எது? ஒரு பொம்பளப் புள்ள விழுந்துட்டுன்னு தகவல். சொன்னவரு பெரிய கொளம்னு மட்டும் சொன்னாராம். இங்கன ஊருக்கு ஒரு பெரிய கொளம் இருக்கு. எதுலன்னு போயித் தேட?"

முப்பது வருடம் போலீஸில் இருந்து, ஊர் பேர் இல்லாமல் எந்தப் புகாரையும் வாங்காத என் அண்ணன் அன்று ஊர்ப் பெயரை விட்டுவிட்டிருக்கிறார்.

நான் இறங்கினேன். இசக்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கன்னத்தில் சேறு காய்ந்து கிடந்தது. "அது நான்தான்" என்றாள். "நான் விழல. நடவு நட்டேன். மன்னிச்சிருங்க." அந்தச் சொல்லை அதற்குள் யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறாள்.

அவர் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் தலையில் பொருந்தாமல் ஆடிக்கொண்டிருந்த அண்ணனின் ஹெல்மெட்டைப் பார்த்தார், என் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். வண்டிக்குள் யாரோ, "ஆளு கெடச்சாச்சா சார்?" என்று கேட்டார்கள். "கெடச்சாச்சு, கெடச்சாச்சு" என்று திரும்பாமலேயே சொன்னார்.

"ஒன்னத் தேடி மூணு பெரிய கொளம் பாத்துட்டோம் புள்ள" என்றார் அவளிடம். "இப்ப எங்க போறீங்க?"

"நாங்களும் கொளம் பாக்கத்தான் போறோம்" என்று இசக்கி காகிதத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கி, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, மேற்கே மலைக்கு மேல் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தார். ஓட்டுநரிடம் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

பிறகு என்னிடம் சொன்னார்: "இன்னும் அஞ்சுதானம்மா. வெளிச்சம் இருக்கு, பாத்துட்டு வாங்க."